அவையச்சமும் விசுவாசமும்

திருக்குறளின் பொருட்பாலிலே "அவையஞ்சாமை" என்று ஓர் அதிகாரம் உண்டு. போர்க்களத்திலே உயிரை விடத் துணிந்தவர்களைக் காண்பது எளிது. கற்றோர் கூடிய அவையிலே அஞ்சாது நின்று பேச வல்லவர்களைக் காண்பதோ அரிது என்பது அங்கே வள்ளுவர் கூறும் கருத்துக்களுள் ஒன்று. இதற்காகத் தனியோர் அதிகாரத்தையே அவர் வகுத்திருப்பதைக் கொண்டு, இந்த அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதை நாம் அறிந்துகொள்ளலாம். வீட்டுத் திண்ணையிலே மணிக்கணக்காக உரையாடுகின்றவர், கூட்டமொன்றில் நன்றியுரை கூற அழைக்கப்பட்டால் நாவரண்டு போகிறார். தனிமையில் கண்ணீர்விட்டு இறைவனைத் தொழுகின்ற தாய், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கும்படி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

அவையில் எழுந்து நிற்பவருக்கு முன்னே புலியும் இல்லை. வாளேந்திய பகைவனும் இல்லை. எனினும் உடம்பு ஆபத்தைக் கண்டதுபோலவே நடந்துகொள்கிறது. சிறுநீரகங்களின் மேலே அமைந்துள்ள சிறிய சுரப்பிகள் அட்ரினலீன் என்னும் சுரப்பை இரத்தத்திலே கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, வாய் உலர்கிறது, கைகால்கள் நடுங்குகின்றன. ஓடுவதற்கோ போராடுவதற்கோ உடம்பு ஆயத்தமாகிவிட்டது. அவரோ ஓடவும் முடியாமல், போராடவும் முடியாமல், ஓரிடத்தில் நின்று அமைதியாகப் பேசவேண்டியவராய் இருக்கிறார்.

அப்படியாயின், அங்கே ஆபத்துக்குள்ளாகியிருப்பது எது? அவருடைய உயிர் அன்று, அவருடைய பெயர். "பிழைவிட்டால் என்னை என்ன நினைப்பார்கள்? சொல் மறந்துபோனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ?" என்ற எண்ணமே அவரை வாட்டுகிறது. அவையச்சம் என்பதை ஆராய்ந்து பார்த்தால், அதன் நடுவிலே "நான்" என்ற ஒன்றே குந்திக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இந்த நோய்க்கு வள்ளுவர் கூறும் மருந்து கல்வி. அவையிலே எதிர்ப்பட்டவருக்கு விடை கூறுவதற்காகவே நூல்களை முறையாகக் கற்கவேண்டும் என்கிறார். ஆயினும் அதே அதிகாரத்திலே, கற்றிருந்தும் அவைக்கு அஞ்சுபவனுடைய கல்வி, கோழையின் கையிலுள்ள கூர்வாளைப்போலப் பயனற்றது என்றும் கூறுகிறார். கல்வி இருந்தும் அச்சம் நீங்காதவர்கள் உளர் என்பதை அவர் நன்கு அறிந்திருக்கிறார். அத்தகையோருக்கு வேண்டியது மேலும் ஒரு நூல் அன்று. வேண்டியது வேறொன்று. அந்த வேறொன்றைக் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வாறு அளித்தது என்பதை ஒரு பெண்மணியின் வாழ்க்கையைக்கொண்டு பார்ப்போம்.

அதற்கு முன்னர், அந்தப் பெண்மணி சிறுவயது முதல் படித்துவந்த வேதாகமம் இந்த அச்சத்தைப்பற்றி என்ன கூறுகின்றது என்பதைச் சிறிது நோக்குவது நல்லது. இறைவனுடைய வார்த்தையை எடுத்துரைக்க அழைக்கப்பட்ட பெரியோர் பலர் அங்கே அஞ்சி நடுங்குகின்றவர்களாகவே காட்சியளிக்கின்றனர். எகிப்திலே அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களை மீட்டுவரும்படி கட்டளை பெற்ற மோசே, தான் வாக்குவல்லவன் அல்லன் என்றும், திக்குவாயும் மந்த நாவும் உடையவன் என்றும் சொல்லி மறுக்கிறார். மனிதனுக்கு வாயை உண்டாக்கியவர் யார் என்று கடவுள் கேட்கிறார். அவனுடைய வாயோடு தாம் இருப்பதாக வாக்களிக்கிறார். அதன் பின்னரும் மோசே, வேறு யாரையாவது அனுப்பும் என்றுதான் மன்றாடுகிறார். அவர் சார்பிலே பேசுவதற்கு அண்ணனாகிய ஆரோன் துணையாகக் கொடுக்கப்படுகிறார்.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மோசேயின் நாவு அந்த இடத்திலேயே குணமாக்கப்பட்டது என்று யாத்திராகமம் கூறவில்லை. அவருக்குக் கிடைத்தது சொல்வன்மை அன்று, துணை. அந்தத் துணையை நம்பி அவர் பார்வோன் முன் சென்றார். பின்னாளிலே, உபாகமம் என்ற நூலின் பெரும்பகுதி அதே மோசே மக்கள் முன் நிகழ்த்திய உரைகளாகவே அமைந்திருக்கிறது. எரேமியா தீர்க்கதரிசியும், தான் சிறுபிள்ளை, பேச அறியேன் என்றே சொன்னார். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்திலே, தாம் அவர்களிடம் வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுல் அப்போஸ்தலர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார்.

இனி, அந்தப் பெண்மணியின் வரலாற்றுக்கு வருவோம். கதரீன் மம்ஃபோட் 1829 ஆம் ஆண்டு சனவரி மாதம் 17 ஆந் திகதி இங்கிலாந்தின் டாபிஷயர் மாகாணத்தைச் சேர்ந்த அஷ்போண் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் குதிரைவண்டிகள் செய்யும் தொழிலாளி. ஒருகாலத்தில் மெதடிஸ்த சபையிலே பிரசங்கமும் செய்தவர். பின்னர் விசுவாசம் குன்றி மதுவுக்கு அடிமையானார். தாயாரோ பக்தியில் உறுதி மிகுந்தவர். பன்னிரண்டு வயது நிறையும் முன்னரே கதரீன் வேதாகமம் முழுவதையும் எட்டுமுறை படித்து முடித்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். பதினான்காம் வயதிலே முதுகெலும்பு வளையும் நோய் அவரைப் பல மாதங்கள் படுக்கையிலே கிடத்தியது. அந்த மாதங்களையும் அவர் வீணாக்கவில்லை. திருச்சபை வரலாறும் இறையியலும் அவருக்குப் படுக்கைத் துணையாயின.

வள்ளுவர் கூறிய கல்வி அவரிடம் குறைவின்றி இருந்தது. இரக்கமும் இருந்தது. சிறுமியாய்த் தெருவிலே வளையம் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த ஒருநாள், குடிவெறியில் பிடிபட்ட ஒருவனைக் காவலர் இழுத்துச் செல்ல, கூட்டம் அவனை ஏளனஞ் செய்து பின்தொடர்வதைக் கண்டார். உடனே ஓடிச் சென்று, அந்த மனிதனுக்குப் பக்கத்திலே சிறைக்கூட வாயில்வரை நடந்தாராம். அவனுக்கு ஒரு துணையாவது இருக்கட்டும் என்பதே அந்தப் பிள்ளையின் எண்ணம். பிறருக்காகத் தெருவிலே நடக்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. சபையிலே பேசத்தான் கூச்சம் இருந்தது.

1855 ஆம் ஆண்டு கதரீன் வில்லியம் பூத் என்னும் இளம் மெதடிஸ்த போதகரை மணந்தார். கணவர் ஆயிரக்கணக்கானோரைக் கவரும் பிரசங்கி. மனைவி ஆலயத்திலே போதகர் குடும்பத்துக்குரிய ஆசனத்தில் அமைதியாக அமர்ந்திருப்பவர். 1858 ஆம் ஆண்டிலே அவர்கள் வட இங்கிலாந்தில் தைன் நதிக்கரையிலுள்ள கேற்ஸ்ஹெட் நகருக்கு வந்தனர். தொழிற்சாலைகளும் வறுமையும் மதுவும் மிகுந்த நகரம் அது.

கேற்ஸ்ஹெட்டிலே ஒரு ஞாயிறு மாலை கதரீன் ஆலயத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். வழியிலே நெருக்கமான சிறு வீடுகளின் யன்னல்களிலும் வாசற்படிகளிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தனர். இன்னுமொரு பிரசங்கத்தைக் கேட்டு இன்புறச் செல்வதைவிட, இந்த மக்களிடம் சென்று பேசுவது அல்லவா கடமை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. கால்கள் தயங்கின. ஆயினும் வாசற்படியிலிருந்த சிலரை அணுகி ஆலயத்துக்கு வரும்படி அழைத்தார். அவர்கள் சினக்கவில்லை, அன்பாகவே செவிசாய்த்தார்கள். சற்று அப்பால், கையிலே மதுக்குவளையோடு நின்ற ஒரு பெண், உள்ளே தன் கணவன் குடிவெறியிலே கிடப்பதாகவும், எவரையும் அழைத்துச் செல்லமுடியாத நிலையில் தான் இருப்பதாகவும் கூறினாள். கதரீன் அஞ்சாமல் உள்ளே சென்றார். அந்த மனிதனருகே அமர்ந்து கெட்டகுமாரன் உவமையை வாசித்தார். அவன் கண்ணீர் வடித்தான். அன்று முதல் வாரத்தில் இரண்டு மாலைகளை இத்தகைய வீடுகளைத் தரிசிப்பதற்கென்றே ஒதுக்கிக்கொண்டார்.

ஆயிரம் பேர் முன் பேசும் பயிற்சி கதரீனுக்குக் கிடைத்தது எந்தக் கல்லூரியிலும் அன்று. இந்தக் குடிகாரர் வீடுகளிலேதான். ஒருவனிடம் பேசியபோது, தன் சொல் அழகாக இருக்கிறதா என்று எண்ணிப்பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. அவன் எழுந்து நிற்பானா, மாட்டானா என்பதே கவலையாயிருந்தது.

1859 ஆம் ஆண்டின் இறுதியிலே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பீபி பாமர் அம்மையார் அந்தப் பகுதியிலே கூட்டங்களில் பேசிவந்தார். பெண் ஒருத்தி பிரசங்கிப்பது வேதத்துக்கு முரண் என்று அயல் நகரமான சண்டர்லாந்தைச் சேர்ந்த போதகர் ஒருவர் கண்டித்து எழுதினார். பெண்கள் பிரசங்கம் செய்வதை வெஸ்லிய மெதடிஸ்தரின் மகாசபை 1803 ஆம் ஆண்டிலேயே பெரிதும் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. கதரீன் எழுதுகோலை எடுத்தார். ஆவியானவர் அளிக்கும் வரம் ஆண், பெண் என்ற வேறுபாடு பாராது வழங்கப்படுவது; அதைப் பெற்ற பெண் பேசத்தான் வேண்டும் என்று வேதவாக்கியங்களை ஆராய்ந்து ஒரு சிறுநூலை வெளியிட்டார்.

பெண்கள் அவையில் பேசலாம், பேசவேண்டும் என்று அத்துணை உறுதியாக நிலைநாட்டிய அந்த அம்மையார், அதுவரை எந்த ஆலயத்திலும் பிரசங்கபீடத்தில் ஏறியவர் அல்லர். பேசுவதற்கு உரிமை உண்டென்று அவருக்குத் தெரியும். வேதஞானமும் நிறைய உண்டு. கணவருடைய ஆதரவும் உண்டு. குறுக்கே நின்றது அவருடைய கூச்சம் ஒன்றே. கிறிஸ்துவின் சீடர்களுள் தம்மைப்போல் கூச்சமுடையவர் ஒருவர் இருந்திருப்பாரா என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார்.

1860 ஆம் ஆண்டு சனவரியில் அவருக்கு நான்காவது குழந்தை பிறந்தது. அதன்பின் நோயுற்றிருந்த நாட்களிலே, இனிமேல் இறைவனுடைய அழைப்புக்கு மறுப்புச் சொல்வதில்லை என்று தம் உள்ளத்திலே பொருத்தனை செய்துகொண்டார். மே மாதம் 27 ஆந் திகதி, பெந்தெகொஸ்தே ஞாயிறு, அந்தப் பொருத்தனை சோதனைக்கு வந்தது. கேற்ஸ்ஹெட் பெத்தஸ்தா ஆலயத்திலே ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். நான்கு வயது மூத்த மகனோடு கதரீன் தம் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். பலர் எழுந்து தங்கள் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னார்கள். தாமும் எழுந்து சாட்சி கூறவேண்டும் என்ற உணர்வு அவரை நெருக்கியது. உடனே மற்றொரு குரல் உள்ளத்தில் எழுந்தது: நீ ஆயத்தம் செய்யவில்லை, சொல்வதற்கு உன்னிடம் ஒன்றுமில்லை, பேதையைப்போல நிற்பாய்.

இந்த இடத்திலேதான் திருப்பம் நிகழ்ந்தது. "அப்படி நேராது, நான் நன்றாகவே பேசுவேன்" என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. இதுவரை கிறிஸ்துவுக்காகப் பேதையாக நிற்கத் தாம் சம்மதிக்கவில்லை என்பதே குறை என்று உணர்ந்தார். இப்பொழுது சம்மதிக்கிறேன் என்று எழுந்தார். ஆலயத்தின் நடுவழியாக அவர் முன்னோக்கி வருவதைக் கண்ட கணவர், மனைவிக்கு ஏதோ சுகவீனம் என்று எண்ணி இறங்கிவந்து, என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்ல விரும்புவதாக அவர் கூறினார். வில்லியம் பூத் வியப்படைந்து, சபையாருக்கு அதை அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

கதரீன் அன்று நிகழ்த்தியது அலங்காரப் பிரசங்கம் அன்று. இதுநாள்வரை அழைப்பை உணர்ந்தும் கீழ்ப்படியாமல் வாழ்ந்துவிட்டதைச் சபையார் முன் ஒளிக்காமல் சொன்னார். இனிக் கீழ்ப்படிவதாக வாக்களித்தார். கேட்டவர்களிற் பலர் கண்கலங்கினர். அன்று மாலை ஆராதனையிலே மனைவியே பிரசங்கிப்பார் என்று கணவர் அங்கேயே அறிவித்துவிட்டார். ஆவியினால் நிறைந்திருக்கும்படி எபேசியருக்கு எழுதப்பட்ட அறிவுரையைப் பொருளாகக்கொண்டு அவர் அன்று மாலை பேசினார். சில மாதங்களிலே வில்லியம் பூத் நோயுற்றபோது, அவருடைய பணி முழுவதையும் கதரீனே ஏற்று நடத்தினார்.

பேதையாக நிற்கச் சம்மதித்தவரை வேறு எதைக் காட்டி அச்சுறுத்தமுடியும்? ஏளனத்துக்கு அஞ்சியே அவர் இத்தனை ஆண்டுகள் மௌனமாய் இருந்தார். ஏளனம் வந்தாலும் வரட்டும் என்று அதை ஏற்றுக்கொண்ட கணத்திலே, அச்சத்தின் கையிலிருந்த ஆயுதம் பறிபோயிற்று. உடம்பின் நடுக்கம் அடியோடு நின்றிருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுக்கம் இருக்கலாம், அது எசமானாக இருப்பது ஒழிந்தது. அதுவரை "என்னை என்ன நினைப்பார்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்த உள்ளம், "இவர்களுக்கு என்ன சொல்லவேண்டும்" என்று கேட்கத் தொடங்கிற்று.

பிற்காலத்திலே கதரீன் பூத் இலண்டன் மாநகரின் செல்வர் கூட்டங்களிலும் ஏழையர் கூட்டங்களிலும் பேசினார். 1865 ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனிலே கணவனும் மனைவியும் தொடங்கிய பணி, 1878 ஆம் ஆண்டு இரட்சணிய சேனை என்ற பெயரைப் பெற்றது. அந்தச் சேனையிலே பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பிரசங்கிக்கவும் தலைமை தாங்கவும் இடம் அளிக்கப்பட்டது. சிறுமிகளைத் தீயோரிடமிருந்து காக்கும் சட்டம் 1885 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறுவதற்காக, கூட்டங்களில் முழங்கியவர்களுள் கதரீனும் ஒருவர்; விக்டோரியா மகாராணியாருக்கும் கடிதம் எழுதினார். 1888 ஆம் ஆண்டு புற்றுநோய் கண்டது. தமக்கு அந்த நோய் உண்டென்று அறிந்தபின்னரும் அவ்வாண்டு சூன் மாதத்திலே இலண்டன் நகரிலுள்ள பெரிய ஆலயமொன்றிலே தமது இறுதிப் பேருரையை நிகழ்த்தினார். 1890 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி உயிர் நீத்தார். அவர் காலத்திலேயே, 1883 ஆம் ஆண்டில், இரட்சணிய சேனை நமது இலங்கையிலும் பணி தொடங்கியது. 1934 ஆம் ஆண்டு அதன் உலகத் தலைமைப் பதவிக்கு ஒரு பெண் முதன்முறையாகத் தெரிவுசெய்யப்பட்டார். அவர் கதரீனின் மகளாகிய இவாஞ்சலின் பூத்.

விசுவாசம் உள்ளவர் எவரும் இவ்வாறு பெரிய பேச்சாளர் ஆகிவிடுவர் என்று இதனாற் கொள்ளலாமா? கூடாது. ஆபிரிக்காக் கண்டத்தின் உட்பகுதிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற மிஷனரி வைத்தியர் டேவிட் லிவிங்ஸ்ரனைப் பாருங்கள். மாணவராய் இருந்தபோது இங்கிலாந்திலே ஒரு சிற்றூர் ஆலயத்துக்குப் பிரசங்கிக்க அனுப்பப்பட்டார். வேதவாக்கியத்தை நிதானமாக வாசித்தார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிட்டது என்று சபையாரிடம் கூறிவிட்டு ஆலயத்தைவிட்டு ஓடினார். அவரை மிஷனரியாக ஏற்பதா, வேண்டாமா என்றுகூட மிஷன் சங்கத்தார் தயங்கினர். அந்த மனிதரே, ஆபிரிக்காவில் பதினாறு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியபின், 1857 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே உரை நிகழ்த்தினார். அந்த உரையின் பயனாக ஆபிரிக்காவுக்கென ஒரு புதிய மிஷன் இயக்கமே உருவாயிற்று. லிவிங்ஸ்ரன் நாவலர் என்று பெயரெடுக்கவில்லை. ஆனால் அன்று அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அடிமை வியாபாரத்தால் அழிந்துகொண்டிருந்த மக்களைத் தம் கண்ணால் கண்டிருந்தார். அந்தப் பாரம் நாவை நடத்தியது.

பயிற்சியினாலும் அவையச்சத்தைக் குறைக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. பாடசாலைகளில் நடைபெறும் மாணவர் மன்றங்கள் அதற்காகவே ஏற்பட்டவை. ஆனால் அச்சமின்மை ஒன்றே வளர்ச்சி ஆகிவிடாது. கூச்சம் நீங்கியவன் தற்புகழ் பேசுவான், பொய்யும் பேசுவான். அஞ்சாமல் பேசி மக்களைக் கெடுத்தவர்களை உலகம் கண்டிருக்கிறது. நாவுக்குத் துணிவு வந்ததோடு, அந்தத் துணிவு யாருக்காக என்ற தெளிவும் வரவேண்டும். கதரீனுடைய வாழ்விலே இவ்விரண்டும் ஒருங்கே வந்தன. குடிகாரன் வீட்டிலே கெட்டகுமாரன் உவமையை வாசித்த அதே அன்புதான் ஆயிரம் பேர் முன்னும் பேசியது. இதுவே விசுவாசம் பயிற்சிக்கு மேலாகத் தருகின்ற பேறு.

நம் நாட்டுக் கிராமத்துச் சிற்றாலயங்களிலும், மாதர் சங்கங்களிலும், ஞாயிறு பாடசாலைகளிலும் மௌனமாகவே காலங்கழிக்கின்ற நல்லோர் எத்தனையோ பேர். அவர்களிடம் அனுபவம் உண்டு, அன்பும் உண்டு. "எனக்குப் பேசத் தெரியாது" என்ற ஒரு சொல்லே அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. அவர்கள் எடுத்த எடுப்பிலே மேடை ஏறவேண்டியதில்லை. நோயுற்ற அயலவரின் கட்டிலருகே ஒரு சங்கீதத்தை வாசிக்கலாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் உவமையைக் கதையாகச் சொல்லலாம். வீட்டு ஜெபக்கூட்டத்திலே இரண்டே வாக்கியங்களில் வாய்விட்டு ஜெபிக்கலாம். சொல் தடுமாறலாம், குரல் நடுங்கலாம். துன்பப்படுகின்ற ஒருவனுக்கு வேண்டிய சொல், நடுங்கும் குரலிலே வந்தாலும் அவனைச் சென்று அடையும். சொல்லப்படாத சொல்லோ, எவ்வளவு அழகாக உள்ளத்தில் அமைந்திருந்தாலும், எவரையும் சென்று அடைவதில்லை.